பேச்சு முடிந்ததும் கையில் ஒரு புத்தகம்

ஜோகூரின் கெலாங் பாத்தாவில் விடியற்காலை நாலு மணிக்கே விளக்கெரியும் வீடுகள் நிறைய உண்டு. சிங்கப்பூரின் துவாஸுக்கு வேலைக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாலத்தை நோக்கிக் கிளம்பிவிடுவார்கள். தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்தில் இரவு ஷிப்டு பார்த்தவர்கள் பொழுது விடிந்தபின் வந்து படுப்பார்கள். இப்படிப்பட்ட ஊரில், நூலகத்தில் பெரியவர்களுக்கு விரிவுரை வேண்டும், வகுப்பு வேண்டும் என்று பேச்செடுத்தால், "அதுக்கெல்லாம் யாருக்குங்க நேரம் இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள்.

நியாயமான கேள்வி. அதற்கு மழுப்பாமல் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுமையாகப் படியுங்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரமில்லை என்பது பாதி உண்மை. அதே மனிதர்கள்தான் கோயில் திருவிழா என்றால் ராத்திரி முழுக்கப் பந்தல் வேலை பார்க்கிறார்கள். பட்டிமன்றம் என்றால் கடைசிப் பேச்சாளர் முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். பேச்சுக் கேட்கும் பழக்கம் நமக்குப் பரம்பரையாக வந்தது. கேட்டு முடித்த பிறகு அந்தப் பேச்சு எங்கே போகிறது என்பதுதான் என் கவலை. கைதட்டுகிறோம், வீட்டுக்குப் போகிறோம், அதோடு சரி. மறுவாரம் அதே விஷயத்தைத் தொடர ஓர் இடமில்லை. எடுத்துப் படிக்கப் புத்தகமில்லை. சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை.

இந்த மூன்றும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கக்கூடிய இடம் ஊர் நூலகம். அங்கே நடக்கும் ஒவ்வொரு பேச்சும் கேட்டவரை ஒரு படி மேலே நகர்த்த வேண்டும். இன்று கேட்டவர் நாளை படிக்க வேண்டும். படித்தவர் ஒருநாள் எழுந்து நின்று பேச வேண்டும். இதுதான் நான் சொல்ல வந்தது.

நம் தாத்தாக்கள் கேட்ட பேச்சு

இது புதிதாகக் கண்டுபிடித்த யோசனை ஒன்றும் இல்லை. மலாயாத் தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த காலத்திலும் பேச்சுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் வந்து இறங்கி, ஊர் ஊராகப் பேசினார். 1954 கடைசியில் மறுபடியும் வந்தார். 1952-இல் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தொடங்கிவைத்த தமிழர் திருநாள், பொங்கலையொட்டி மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மேடை மேடையாக நடந்தது. சாதி எதற்கு, மூடநம்பிக்கை எதற்கு, பிள்ளைகளை ஏன் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் நம் தாத்தா பாட்டிமார் முதலில் காதால்தான் கற்றார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கின. வேலையும் போய், குடியிருந்த லயமும் போகும் நிலை. அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். தொழிலாளர்கள் சேர்ந்து பணம் போட்டால் தோட்டத்தைத் தாங்களே வாங்கலாம் என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தவணை முறையில் தொழிலாளர்கள் கட்டிய பங்குப் பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பங்கு என்றால் என்ன, கூட்டுறவு எப்படி நடக்கிறது என்று விளக்கிச் சொல்ல அங்கே கல்லூரியா இருந்தது? திடலில் கூடி நின்று கேட்டார்கள், புரிந்துகொண்டார்கள், பணம் கட்டினார்கள். கேட்டது செயலானது. அதனால்தான் அந்தப் பேச்சுகளை முதியோர் கல்வி என்றே நான் சொல்வேன்.

இதைவிட எனக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. 1950-51-இல் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' என்று ஒன்று நடத்தினார்கள். சிறுகதை எழுதுவது எப்படி என்று பத்திரிகையிலேயே பாடம் வரும். வாசகர்கள் பயிற்சி எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் காலத்தில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் கதை எழுதி, உறையில் போட்டு, தபால் தலை ஒட்டி அனுப்புவது லேசான காரியமா? அனுப்பினார்கள். மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதுகிற எவரும் கதை வகுப்பைத் தாண்டிப் போக முடியாது. ஏனென்றால் அங்கே பழகிய கைகள் பிறகு பல ஆண்டுகள் எழுதின.

அதே ஐம்பதுகளில் 'தமிழ் முரசு' நடத்திய மாணவர் மணிமன்ற மலர் இளையவர்களை எழுத வைத்தது. பிறகு நாடெங்கும் தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் முளைத்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் இந்திய இயல் துறை ஏற்பட்டபோது தமிழுக்கு அதில் உரிய இடம் வேண்டும் என்று போராடியவர் சாரங்கபாணி. 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி திரட்டினார்கள். பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க, சாதாரண மக்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணம் அது. அந்த வாசலைத் தாண்டி உள்ளே போகும் வாய்ப்பு தங்களுக்கு வராது என்று தெரிந்தவர்களும் கொடுத்திருப்பார்கள். அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் ஊர் நூலகத்தில் ஒரு தமிழ் அலமாரியும் மாதம் ஒரு தமிழ்ப் பேச்சும் கேட்பது பேராசை ஆகாது.

மன்னார்குடியில் ஓடிய மாட்டு வண்டி

நூலகம் என்றால் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் கட்டடம் என்று நினைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த நினைப்பை உடைத்தவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன்.

சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நாள் முழுக்க ஆள் வராத அறையில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தாங்கவில்லை. திரும்பவும் வகுப்பறைக்கே போய்விடுகிறேன் என்று கல்லூரியில் போய்க் கேட்டார். முதலில் இங்கிலாந்து போய்ப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். லண்டனில் படிக்கும்போது அங்குள்ள பொது நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். தொழிலாளி, குழந்தை, வயதானவர் என்று எல்லாரும் உள்ளே வருவதைப் பார்த்தார். அந்தப் பயணம் அவரை அடியோடு மாற்றிவிட்டது.

நூலகத்துறை இன்றும் பாடமாகப் படிக்கும் அவருடைய ஐந்து விதிகளை அவர் முதலில் வெளியிட்டது புத்தகமாக இல்லை, பேச்சாகத்தான். 1928 டிசம்பரில் சிதம்பரத்தில் ஆசிரியர்கள் கூடிய மாநாட்டில் அவற்றை விளக்கிப் பேசினார். புத்தகம் 1931-இல் வந்தது. நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தைக் காப்பாற்று, நூலகம் வளரும் உயிர். இவ்வளவுதான் சாரம். ஆனால் இரண்டாம் விதியின் வீச்சைப் பாருங்கள். 'ஒவ்வொரு வாசகருக்கும்' என்று சொல்லிவிட்டால், படிக்கத் தெரியாதவரை என்ன செய்வது? அவருக்கு வாசித்துக் காட்டுவதும் நூலகத்தின் வேலைதான் என்பது அரங்கநாதனின் வாதம். பேச்சு, வாசகர் வட்டம், கண்காட்சி ஆகியவற்றை நூலகத்துறையில் விரிவுப் பணி என்பார்கள். அவர் கணக்கில் அது நேரம் மிஞ்சினால் செய்கிற வேலை இல்லை. அலமாரியில் தூங்கும் புத்தகத்துக்கு ஆள் தேடிக் கொடுக்கும் வேலை. மூன்றாம் விதியே அதுதானே.

அதே 1931-இல், அக்டோபர் மாதம், மன்னார்குடி பக்கம் மேலவாசல் என்ற கிராமத்தில் ஒரு மாட்டு வண்டி கிளம்பியது. வண்டி நிறையப் புத்தகம். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற கனகசபைப் பிள்ளை அதை ஏற்பாடு செய்திருந்தார். அரங்கநாதன்தான் தொடங்கிவைத்தார். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு வண்டி போகும். மக்கள் புத்தகம் எடுப்பார்கள். அடுத்த நடையில் திருப்பிக் கொடுப்பார்கள். வயற்காட்டு வேலையை விட்டுவிட்டு மன்னார்குடி நூலகத்துக்கு நடந்து வா என்று யாரும் சொல்லவில்லை. நேரமில்லாதவன் இருக்கும் இடத்துக்கு நூலகமே போனது. நம் ஊரில் கேட்கிறார்களே, யாருக்கு நேரம் இருக்கிறது என்று, அதற்கு அந்த வண்டி எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

மெட்ராஸ் மாகாணத்தில் 1948-இல் வந்த பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதற்குப் பின்னாலும் அரங்கநாதன் இருந்தார். யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா 1933-இல் தம் வீட்டில் தொடங்கிய சிறு நூலகம், பிறகு ஊர் மக்கள் பணத்தில் பெரிதாக வளர்ந்து, 1959-இல் அழகான கட்டடத்தில் திறக்கப்பட்டது. அதற்கும் ஆலோசனை சொன்னவர் அவர். 1981-இல் அந்த நூலகத்தை எரித்தபோது போனது 97,000 நூல்கள் என்று கணக்குச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்து மனிதர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுவதற்குக் காரணம், அது அவர்கள் ஒவ்வொருவரும் உட்கார்ந்து படித்த இடம் என்பதுதான்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

இனி பக்கத்தில் பார்ப்போம். சிங்கப்பூர் அங் மோ கியோ நூலகத்தில் தமிழ் வாசகர் வட்டம் பல ஆண்டுகளாகக் கூடி வருகிறது. ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்வார்கள், படித்துவிட்டு வருவார்கள், ஒருவர் தொடங்கிவைப்பார், மற்றவர்கள் பேசுவார்கள். மாலை மரியாதை கிடையாது, நீண்ட வரவேற்புரை கிடையாது. நூலக வாரியம் ஆண்டுதோறும் நடத்தும் வாசிப்பு இயக்கத்தில் தமிழுக்கும் இடமுண்டு. 2016-இல் சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்வடிவமாக்கி எல்லாரும் படிக்கத் திறந்துவிட்டார்கள். அதற்காகச் சமூகத்துத் தொண்டூழியர்கள் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தார்கள். வாசகராக நூலகத்துக்குப் போனவர்கள் நூலக வேலையில் கை கொடுத்த கதை இது.

சென்னையில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் 'பொன்மாலைப் பொழுது' என்று சனிக்கிழமை மாலைகளில் பேச்சு நடக்கிறது. எழுத்தாளர், அறிவியலாளர், தொல்லியல் ஆய்வாளர், மருத்துவர் என்று பலரும் வருவார்கள். பதிவு செய்து யூடியூபில் போடுகிறார்கள். கெலாங் பாத்தாவில் உட்கார்ந்து நானும் கேட்கிறேன். அதில் எனக்குப் பிடித்தது இதுதான்: சனிக்கிழமை என்றால் சனிக்கிழமை. யார் வந்து பேசுகிறார்கள் என்று தெரியாமலே, கிழமையை நம்பி ஆள் வரும் அளவுக்கு ஒரு பழக்கத்தை உண்டாக்கியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு இடங்களையும் சொன்னால் உடனே, "அவங்க கிட்ட காசு இருக்கு" என்பார்கள். காசு வேண்டும்தான். ஆனால் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே அறை என்று விடாமல் நடத்துவதற்குக் காசைவிடப் பிடிவாதம் அதிகம் வேண்டும்.

தேத்தண்ணி நேரத்துக் கேள்விகள்

நம் பக்கத்தில், ஒரு தாமானின் சமூக மண்டபத்தில் நடந்த பேச்சைப் பற்றிச் சொல்கிறேன். தலைப்பு இபிஎஃப். 2024 மே மாதம் ஊழியர் சேமநிதி, கணக்குகளை மூன்றாகப் பிரித்தது உங்களுக்குத் தெரியும். மாதம் போடும் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கு, 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்குக்கு, 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்குக்கு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் தமிழில் விளக்கினார். வெள்ளைப் பலகையில் மூன்று வட்டம் போட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

பேச்சு முடிந்தது. "யாருக்காவது கேள்வி இருக்கா?" அமைதி. ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. நன்றியுரை சொன்னார்கள். தேத்தண்ணியும் வடையும் வைத்திருந்த மேசைக்கு எல்லாரும் போனார்கள். அங்கேதான் ஆரம்பித்தது. ஐம்பது வயதைத் தொடும் ஓர் அக்கா கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த கணக்கறிக்கையை எடுத்தார். மடிப்பில் எண்கள் தேய்ந்துபோயிருந்தன.

"தம்பி, இந்த மூணாவதுல இருக்கறத மாசா மாசம் எடுத்துக்கிட்டே வந்தா, அம்பத்தஞ்சுல என் கையில என்ன நிக்கும்?"

பேச்சாளர் அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். அக்கா வாயைத் திறக்காமல் கேட்டார். பின்னால் நின்ற ஓர் அண்ணன், "நான் சிங்கப்பூர்ல ஒர்க் பர்மிட். எனக்கு அங்க சிபிஎஃப் கெடையாது, இங்கயும் யாரும் கட்டல. எனக்கு வழி என்ன?" என்றார். வேலை வெளிநாட்டில் இருந்தாலும் மலேசியர் இங்கே தாமாகவே இபிஎஃபில் பணம் கட்டலாம் என்று பதில் வந்தது. "இது இத்தன வருசமா எனக்குத் தெரியாதே" என்றார் அவர். அரை மணி நேரத்துக்கும் மேலாக அந்த மேசையைச் சுற்றிப் பாடம் நடந்தது. மண்டபத்துச் சாவி வைத்திருந்தவர் விளக்கை அணைக்கக் காத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர்கள் ஏன் சபையில் கேட்பதில்லை? பிள்ளைகள் வயதில் இருப்பவர்கள் முன்னால் தெரியாது என்று காட்டிக்கொள்ளக் கூச்சம். பள்ளியில் எப்போதோ வாங்கிய திட்டு இன்னும் மனசில் கிடக்கும். கையில் ஒரு கப் தேத்தண்ணி இருந்தால் கூச்சம் பாதி குறைந்துவிடுகிறது. அதனால் நான் சொல்வது: தேத்தண்ணி நேரத்தைப் பேச்சின் பகுதியாக வையுங்கள். பேச்சு நாற்பது நிமிடம், மேசையைச் சுற்றிப் பேச நாற்பது நிமிடம். கேள்வியைத் துண்டுத்தாளில் எழுதிப் போடவும் ஒரு பெட்டி வையுங்கள்.

அன்று குறையாக எனக்குப் பட்டது ஒன்று. அந்த அக்காவுக்கு மேற்கொண்டு படிக்கத் தமிழில் ஒரு தாள்கூட அங்கே இல்லை. அது நூலகமாக இருந்திருந்தால்? வாசலில் ஒரு மேசை போட்டு, சேமிப்பு, காப்பீடு, உயில் எழுதுவது பற்றிய புத்தகங்களைப் பரப்பி வைத்திருக்கலாம். உறுப்பினர் படிவத்தையும் பேனாவையும் பக்கத்தில் வைத்திருக்கலாம். மனசு சூடாக இருக்கும்போதுதான் புத்தகம் கைக்குப் போக வேண்டும். மறுநாள் வரை விட்டால் வேலை, சமையல், பிள்ளைகள் என்று எல்லாம் வந்து மூடிவிடும்.

நம் ஊருக்கு என்ன தலைப்பு?

புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனவர்கள் பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரிக்கும் தண்ணீருக்கும் சந்தைக்கும் தாங்களே போனார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். எழுத்தும் சைக்கிளும் சேர்ந்தே அந்தப் பெண்களின் தைரியத்தை வளர்த்தன. பெரியவர்களின் படிப்பு அவர்களுடைய அன்றாடத் தேவையில் கொக்கி போட்டால் நிலைக்கும்.

கெலாங் பாத்தாவின் தேவைகள் என்ன? முதலில் கைப்பேசி. 2020-இல், கோவிட் காலத்தில், மைசெஜாத்ரா செயலி வந்தபோது கடை வாசலில் எத்தனை பேர் பேனா வாங்கி நோட்டில் பேர் எழுதிவிட்டு, கூச்சத்தோடு உள்ளே போனார்கள்! இன்று மருத்துவமனைத் தவணை, பணம் அனுப்புவது, பிள்ளையின் பள்ளிச் செய்தி எல்லாம் அதே சின்னத் திரையில்தான் வருகிறது. வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால், "கொடுங்க, நானே செஞ்சு தர்றேன்" என்று பிடுங்கிக்கொள்வார்கள். நூலகத்தில் நாலு பேர் உட்கார்ந்து நிதானமாகக் கற்றுக்கொண்டால் அந்தச் சார்பு போகும். கூடவே மோசடி அழைப்பு. போலீஸ் என்று சொல்லி மிரட்டிப் பணத்தை மாற்றச் சொல்வார்கள். ஏமாந்தது தெரிந்த உடனே 997 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்ற ஒரே தகவல் ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காப்பாற்றலாம்.

அடுத்தது நீரிழிவு. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அதைவிடவும் அதிகம். மருத்துவரிடம் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் சோற்றைப் பற்றியும் தோசையைப் பற்றியும் பேச முடியுமா? நூலகத்தில் முடியும். நம் ஊருக்குப் பக்கத்திலேயே எடுசிட்டியில் நியூகாசல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் வேறு பல்கலைக்கழக வளாகங்களும் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளையும் சொல்லிக்கொடுப்பவர்களையும் மாதம் ஒருமுறை அழைத்துப் பேச வைப்பதற்கு அழைப்புக் கடிதம் ஒன்று போதும்.

மூன்றாவது, இந்த மண்ணைப் பற்றிய பாடம். பூலாய் ஆற்று அலையாத்திக் காட்டை 2003-இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலம் என்று அதற்குப் பொருள். அதன் முகத்துவாரத்தில் கடற்புல் வெளி இருக்கிறது. கடல்குதிரையும் கடற்பசுவும் அங்கே இரை தேடுகின்றன. சிம்பாங் அராங்கில் ஒராங் செலேத்தார் மக்கள் தலைமுறைகளாக அந்தத் தண்ணீரை நம்பி வாழ்கிறார்கள். துறைமுகமும் 1998-இல் பாலமும் 2006-இல் இஸ்கண்டார் திட்டமும் வந்த பிறகு இந்தக் கரை எப்படி மாறியது? ரப்பரும் செம்பனையும் இருந்த தோட்டங்களிலிருந்து நம் குடும்பங்கள் எங்கெங்கே போயின? இதைப் பேசப் பேராசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. எழுபது வயதுத் தோட்டத்துத் தாத்தா ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஓர் இளைஞர் கேள்வி கேட்டால் போதும். அதைப் பதிவு செய்து நூலகத்தில் வைத்தால் அதுவே ஒரு நூல். கேட்க வந்தவரே பேச்சாளர் ஆகும் தருணம் அது.

இதையெல்லாம் எந்த மொழியில் சொல்வது என்பதற்கு ஓர் உதாரணம். டென்மார்க்கில் 1844-இல் ரோடிங் என்ற ஊரில் விவசாயிகளுக்கென்று ஒரு பள்ளி திறந்தார்கள். குருண்ட்விக் என்ற பாதிரியாரின் எண்ணத்திலிருந்து பிறந்தது. தேர்வும் பட்டமும் இல்லாமல், பேச்சும் உரையாடலுமாக, தாய்மொழியில் வரலாறும் வாழ்க்கையும் கற்றார்கள். அதைப் பார்த்துப் பல நூறு பள்ளிகள் எழுந்தன. டென்மார்க்கின் கூட்டுறவுப் பண்ணைகள் செழித்ததில் அந்தப் பள்ளிகளுக்குப் பெரிய பங்குண்டு என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். தாய்மொழியில் என்பதைக் கவனியுங்கள். மலாயும் ஆங்கிலமும் நமக்கு வேண்டும். ஆனால் சேமிப்பு, நோய், சட்டம் போன்ற வாழ்வைத் தொடும் விஷயங்களைப் பெரியவர்களுக்கு அவர்கள் கனவு காணும் மொழியில் சொன்னால்தான் கேள்வி பிறக்கும்.

எந்தக் கிழமை, எத்தனை மணி?

இப்போது அந்த நேரக் கேள்விக்கு வருகிறேன். 2014 முதல் ஜோகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. சிங்கப்பூர் போகிறவர்களுக்கு ஞாயிறு. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாளில் அப்பா வேலையில் இருப்பார். அப்பா வீட்டில் இருக்கும் நாளில் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். 2025 ஜனவரி முதல் ஜோகூரும் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு பாலத்தின் இரு பக்கமும் ஞாயிறு பொதுவாக இருக்கிறது. பெரியவர்களின் வகுப்புக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

ஞாயிறு காலை பத்து மணி. கோயிலுக்குப் போய்ப் பசியாறிவிட்டு வரலாம். பிள்ளைகளுக்குப் பக்கத்து அறையில் கதை நேரம் வையுங்கள். அம்மாக்கள் நிம்மதியாக உட்காருவார்கள். ஷிப்டு ஆட்களுக்காக அதே பேச்சைப் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். மாதத்துக்கு ஒரு பேச்சு, மற்ற வாரங்களில் கைப்பேசி வகுப்பும் வாசகர் வட்டமும். பத்துப் பேர் வந்தாலும் நடத்துங்கள். அடுத்த மாதத்துப் பேச்சை இந்த மாதம் வந்தவர்களில் ஒருவர் அறிமுகம் செய்யட்டும். ஆறு மாதத்தில் அவரே தாம் படித்த புத்தகத்தைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசட்டும். கதை வகுப்பில் நடந்ததும் அதுதானே!

இதைப் படிக்கும் கெலாங் பாத்தா, ஸ்கூடாய், பொந்தியான் பக்கத்து நண்பர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் மூன்று. உங்களுக்கு அருகில் உள்ள பொது நூலகத்துக்குக் குடும்பத்தோடு போய் உறுப்பினராகுங்கள். தமிழ்ப் புத்தகம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் கணக்கில் வராது, தாளில் எழுதி நாலு பேர் கையெழுத்துப் போட்டால் அது கோரிக்கை. மூன்றாவது, உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை, அது கிரேன் ஓட்டுவதாக இருந்தாலும் சரி, வருமான வரிப் பாரம் நிரப்புவதாக இருந்தாலும் சரி, அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்க முன்வாருங்கள்.

நூலகத்துக்காரர்களிடம் நான் பேசத் தயார், நாற்காலி அடுக்கவும் தயார். பேச்சாளரும் தலைப்பும் ஞாயிற்றுக்கிழமையும் நம் கையில் இருக்கின்றன. உங்கள் பகுதி நூலகத்தில் இப்படி ஏற்கெனவே ஏதாவது நடக்கிறதென்றால் கிழமையையும் நேரத்தையும் எழுதி அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக இங்கேயே போடுகிறேன். வேலை முடிந்து வருகிறவர்களுக்குத் தேடும் நேரமாவது மிஞ்சட்டும்.